பின்னந்தலையோடு பேசியவர்

என் கழுத்தில், தாலிச் சரடு கிடக்கும் இடத்துக்குக் கொஞ்சம் மேலே, சுண்டுவிரல் நுனி பதிகிற அளவுக்கு ஒரு குழித் தழும்பு இருக்கிறது. ஆந்திர எல்லையில் இருக்கும் நகரியில், எங்கள் தெருவில் அதைப் பார்க்காத ஆள் கிடையாது. நலம் விசாரிக்க வருகிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேச ஆரம்பித்து, இரண்டாவது வாக்கியத்திலேயே கழுத்துக்கு இறங்கிவிடுவார்கள். ஆரம்பத்தில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டேன். அப்புறம் அலுத்துப்போய் விட்டுவிட்டேன். பார்க்கட்டும், பார்த்தால் தேய்ந்தா போகும்?

போன மாதம் பின்தெரு செல்வி அழுதுகொண்டே வந்தாள். அவள் மாமியாரைத் திருப்பதியில் சேர்த்திருந்தார்கள். நுரையீரலில் காய்ச்சல் இறங்கி, மூச்சு மெஷினில் வைத்திருந்தார்கள்.

"தொண்டையில ஓட்ட போடணும்னு கையெழுத்து கேக்கறாங்கக்கா. போட்டா பொழைக்க மாட்டாங்கன்னு எல்லாரும் சொல்றாங்க. நீ இன்னாக்கா சொல்ற?"

எனக்குத் தெரிந்ததைச் சொல்லி அனுப்பினேன். ஆனால் அதை நான் தெரிந்துகொண்ட விதத்தையும், அதற்கு முன் ஐந்து நாளை எப்படிப் பாழாக்கினேன் என்பதையும் சொல்ல வாய் வரவில்லை. வெட்கமாக இருந்தது. எழுதும்போது யாரும் முகத்தைப் பார்க்க மாட்டார்கள் என்பதால் எழுதுகிறேன்.

முதலில் எங்கள் வீட்டுப் பேச்சைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நான் பிறந்தது விசைத்தறி வீட்டில். நான்கு தறி சேர்ந்து ஓடினால் காதருகே வந்து கத்தினாலும் கேட்காது. அதனால் தறிக்கொட்டகையில் யாரும் கத்துவதில்லை. உதட்டை மட்டும் நிதானமாக, அகலமாக அசைப்பார்கள். எதிரே இருப்பவர் வாயைப் பார்த்தே புரிந்துகொள்வார். நூல் தீர்ந்தது, டீ வந்தது, நீளவாக்கில் கட்டுகிற பாவு நூலை வாங்க ஆள் வருகிறான், எல்லாம் உதட்டில்தான். நாங்கள் யாரும் இதைத் தனியாகக் கற்றுக்கொண்டதில்லை. சத்தத்திலேயே வளர்ந்ததில் என் இடது காது பாதி போய்விட்டது. அது போனதே எனக்கு வெகுநாள் தெரியாது. வாயைப் பார்த்துக் காலத்தை ஓட்டியிருக்கிறேன்.

என் வீட்டுக்காரர் ஏகாம்பரம் எனக்கு மாமன் மகன். எங்கள் கொட்டகையில் கடைசித் தறியில் வேலை பார்த்தவர். நாங்கள் ஒருவரை ஒருவர் விரும்பியது முழுவதும் என் நைனா உட்கார்ந்திருந்த அதே கொட்டகையில், அவர் முதுகுக்குப் பின்னால், பட்டப்பகலில் நடந்தது. "எப்பதாண்டி பேசினீங்க?" என்று அம்மா பின்னால் தலையில் அடித்துக்கொண்டாள். அவள் எதிரிலேயேதான் பேசினோம்.

தறிக்காரர்களின் சண்டைக்கும் ஒரு முறை உண்டு. கோபம் வந்தால் முகத்தைத் திருப்பிக்கொள்வோம். அவ்வளவுதான். எதிராளி என்ன சொன்னாலும் வந்து சேராது. மற்றவர்கள் காதைப் பொத்திக்கொள்வதற்குச் சமம் இது. கல்யாணமான புதிதில் நான் ஒருமுறை மூன்று நாள் முதுகைக் காட்டியிருக்கிறேன். அவர் தறியைச் சுற்றிச் சுற்றி வந்து என் முகம் தேடினார். எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

மகள் பவித்ரா பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும், இந்தச் சத்தமும் பஞ்சுத் தூசியும் போதும் என்று நான் ஸ்ரீ சிட்டியில் ஒரு கம்பெனியில் சேர்ந்தேன். ஃபோனுக்கு உள்ளே போகிற பாகங்களைச் சோதிக்கிற வேலை. கம்பெனி பஸ்ஸே வந்து ஏற்றிக்கொண்டு, சத்தியவேடு வழியாகக் கொண்டுபோய் விடும். உள்ளே தலைக்குத் தொப்பி, உடம்புக்கு நீலக் கோட்டு, வாய்க்கு மாஸ்க். ஒரு தூசி விழக் கூடாதாம். முதல் வாரம் சூப்பர்வைசர் சொன்ன எதுவும் எனக்கு விளங்கவில்லை.

"ஏம்மா, தெலுகு ராதா?" என்று கேட்டார்.

தெலுங்கு எனக்கு நன்றாகவே வரும். அவர் வாய்தான் தெரியவில்லை. அதை அவரிடம் எப்படிச் சொல்வது? பிறகு கொரோனா வந்து ஊரே அந்தக் கம்பெனி மாதிரி ஆகிவிட்டது.

இரண்டாவது அலையில் எங்கள் லைனில் நான்கு பேருக்குக் காய்ச்சல் வந்தது, ஐந்தாவது நான். மூன்று நாள் வெறும் காய்ச்சல். நான்காவது நாள் கழிவறைக்குப் போய்த் திரும்புவதற்குள் மலை ஏறினவள் மாதிரி மூச்சு வாங்கியது. விரலில் மாட்டிப் பார்க்கும் சின்ன மெஷினில் எண்பத்தி ஐந்து காட்டியது. இரத்தத்தில் எவ்வளவு காற்று கலந்திருக்கிறது என்று அது சொல்லும். தொண்ணூற்று ஐந்துக்கு மேல் இருக்க வேண்டும். நகரியில் படுக்கை இல்லை. சித்தூரில் இருக்கும் என் நாத்தனார் விஜயா ஃபோன் போட்டாள்.

"இங்க ஒரு பெட்டு கீது. எவனாவது வந்து படுத்துக்கறதுக்குள்ள இட்டுக்கினு வா."

சித்தூரில் நெஞ்சை ஸ்கேன் எடுத்தார்கள். நுரையீரல் படத்தில் கறுப்பாகத் தெரிய வேண்டும், கறுப்புதான் காற்று. எனக்குப் பாதிக்கு மேல் வெள்ளையாக இருந்தது. ஆக்சிஜன் வைத்துக் குப்புறப் படுக்கச் சொன்னார்கள். அங்கே இரண்டு நாள். திருப்பதிக்கு மாற்ற வேண்டும் என்றதும், கையுறை போட்டுக்கொண்டு உள்ளே வர எப்படியோ அனுமதி வாங்கிய விஜயா, என் தலையைப் பிரித்து, இறுக்கமாக ரெட்டைப் பின்னல் போட்டாள்.

"நீ எத்தினி நாளு படுத்துக்கினு இருக்கப் போறியோ. அங்க யாரு வாரி வுடப் போறாங்க?" என்றாள்.

எனக்கு முப்பத்தொன்பது வயது. பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி ரெட்டைப் பின்னலோடு ஆம்புலன்ஸில் ஏறினேன். அவள் செய்தது எவ்வளவு பெரிய காரியம் என்று அப்போது தெரியவில்லை. சிக்கு விழுந்த தலையைப் பிறகு மொட்டையே அடிக்க வேண்டியிருக்கும் என்று நர்ஸுகள் சொன்னார்கள்.

வண்டியில் அவர் முன்சீட்டில் உட்கார்ந்து வந்தார். பாகாலா பக்கம் எங்கேயோ சிலிண்டர் மாற்ற வண்டி நின்றது. அவர் இறங்கி ஓடி வந்து, பின்கதவுக் கண்ணாடியில் முகத்தை வைத்து, மாஸ்க்கை இறக்கினார். "பாதி வழி வந்துட்டோம், கோமு," என்றார், உதட்டால். அதற்குப் பிறகு பல நாள் நான் நேரில் ஒரு மனித வாயைப் பார்க்கவில்லை.

திருப்பதியில் ஐசியுவுக்குள் போன அன்றே என் சொந்த மூச்சு போதவில்லை. மயக்கம் கொடுத்து, வாய் வழியாகக் குழாயை இறக்கி, மெஷினோடு சேர்த்தார்கள். அந்தக் குழாய் தொண்டையில் குரல் நாண்களுக்கு நடுவே புகுந்து மூச்சுக்குழலுக்குள் போகிறது. மெஷின் காற்றைத் தள்ளும், நாம் வாங்கிக்கொள்ள வேண்டியதுதான். அதோடு சண்டை போடக் கூடாது என்று மயக்க மருந்து ஓடிக்கொண்டே இருக்கும். தினமும் கொஞ்ச நேரம் அதைக் குறைத்து, ஆளுக்கு நினைவு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். அந்தக் கொஞ்ச நேரத்தைப் பற்றித்தான் சொல்ல வருகிறேன்.

கண்ணைத் திறந்தால், வாயில் குழாய், அது நழுவாமல் இந்தக் கன்னத்திலிருந்து அந்தக் கன்னம் வரை பிளாஸ்திரி. உதட்டை அசைக்க முடியாது. குழாயைப் பிடுங்கிவிடுவேன் என்று இரண்டு மணிக்கட்டையும் மெத்தென்ற துணியால் கட்டிலோடு கட்டியிருந்தார்கள். கையால் ஜாடை காட்ட முடியாது. சுற்றி நின்றவர்கள் தலையிலிருந்து கால் வரை வெள்ளை உடைக்குள் இருந்தார்கள், மாஸ்க்குக்கு மேல் இன்னொரு பிளாஸ்டிக் திரை. அவர்கள் பேசுவது எனக்குத் தண்ணீருக்குள் முழுகியிருப்பவளுக்குக் கேட்கிற மாதிரிதான் கேட்டது. என் வாயும் மூடி, அவர்கள் வாயும் மூடி. சவப்பெட்டிக்குள்ளாவது இருட்டாக இருக்கும், எல்லாம் தெரிந்துகொண்டிருக்காது என்று நினைத்தேன். அப்படித்தான் நினைத்தேன், மறைப்பதற்கில்லை.

ஒரு நர்ஸ் எழுத்துப் பலகை கொண்டுவந்து காட்டினாள். ஒவ்வொரு எழுத்தாக அவள் தொட, வேண்டியது வந்ததும் நான் கண்ணைச் சிமிட்ட வேண்டும். தெலுங்கு எழுத்து. நான் படித்தது தமிழ்ப் பள்ளிக்கூடம். தெலுங்கில் பஸ் போர்டு படிப்பேன், அதற்கு மேல் தடுமாற்றம். 'தண்ணீர்' என்று சொல்ல ஆரம்பித்து, எந்த எழுத்து என்று யோசிப்பதற்குள் மருந்து என்னைத் திரும்ப இழுத்துக்கொண்டது. அந்தத் தாகம் இன்னும் நாக்கில் இருக்கிறது. வயிற்றுக்கு மூக்கு வழியாகக் குழாயில் எல்லாம் போனாலும் நாக்குக்கு ஒரு சொட்டு கிடையாது.

எத்தனையாவது நாள் என்று தெரியாது. நர்ஸ் ஒரு ஃபோனை என் முகத்துக்கு நேரே பிடித்தாள். வீடியோவில் அம்பத்தூரில் இருக்கும் என் அண்ணன் தாமோதரன். வீட்டில் இருந்ததால் மாஸ்க் இல்லை. ஒரு வாய்! எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. நான் மயக்கத்தில் இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டு, அவன் பக்கத்தில் இருந்த அண்ணியிடம் பேசிக்கொண்டிருந்தான். நானும் அவனும் ஒரே கொட்டகையில் வளர்ந்தவர்கள் என்பதை மறந்துவிட்டான்.

"தொண்டைய அறுக்கணும்னு சொல்றாங்களாம். அந்த ஏகாம்பரம் கையெழுத்து போடறன்னு நிக்கறான். போடாதடான்னு சொல்லிக்கினே கீறேன். கேக்க மாட்றான். தொண்டைய அறுத்த ஆளு எவன் பொழைச்சிக்கீறான்?"

எங்கள் தெருவில் கன்னியப்பன் என்று ஒருவர் இருந்தார். தொண்டையில் புற்றுநோய் வந்து கழுத்தில் ஓட்டை போட்டிருந்தார்கள். அதன்மேல் ஒரு துணி கட்டியிருப்பார், இருமினால் துணி எழும்பும். பிள்ளைகள் ஓடிப்போகும். ஒரு வருடத்தில் போய்விட்டார். தொண்டை ஓட்டை என்றால் எங்களுக்குக் கன்னியப்பன்தான். நான் வேண்டாம் வேண்டாம் என்று தலையை ஆட்டினேன். கட்டியிருந்த கையை இழுத்தேன். மெஷின் கூவியது. நர்ஸ் ஃபோனை வைத்துவிட்டு, எனக்கு வலிக்கிறது என்று நினைத்து, மருந்தைக் கூட்டினாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன், அவளுக்குத் தெரிந்த வரையில் அது இரக்கம்தான். நான் என் கழுத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்ல முடியாமல் மூழ்கிப் போனேன்.

அடுத்த முறை விழித்தபோது வாய் காலியாக இருந்தது. கழுத்தில் ஏதோ கனத்தது.

டிரக்கியாஸ்டமி என்று அதற்குப் பெயர். எனக்கு அது பின்னால் விளங்கிய விதத்தில் சொல்கிறேன். வாய் வழிக் குழாயை வெகுநாள் வைத்திருக்க முடியாது. குரல் நாணும் மூச்சுக்குழலும் புண்ணாகும், அதைத் தாங்க மயக்கமும் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். நோயாளி மெஷினை விட்டு விரைவில் பிரிய மாட்டார் என்று தோன்றினால், குரல் நாணுக்குக் கீழே கழுத்தில் சிறு துளை இட்டு, விரல் நீளத்துக்கு வளைந்த குட்டைக் குழாயை வைப்பார்கள். மெஷின் அதன் வழியாகக் காற்றைத் தரும். வாய் விடுதலை. மயக்கத்தைக் குறைக்கலாம், சளியை எளிதாக உறிஞ்சலாம், மெஷினை விட்டுக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்கலாம். ஆனால் காற்று குரல் நாணைத் தொடாமலே போய்விடுவதால், குழாய் இருக்கும் வரை குரல் வராது. தொண்டை அறுப்பது இல்லை இது. இருந்தாலும் அன்று எனக்கு அதைச் சொன்னவர் யாரும் இல்லை. சொல்லியிருப்பார்கள், நான்தான் வாய் தெரியாமல் விட்டிருப்பேன்.

கொரோனா பரிசோதனையில் இல்லை என்று வந்ததும் என்னை வேறு ஐசியுவுக்கு மாற்றினார்கள். அங்கே ஒரு பக்கச் சுவர் முழுவதும் கண்ணாடி. சாயந்திரம் ஐந்து மணிக்கு வீட்டார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பத்து நிமிடம் நிற்கலாம்.

முதல் நாள் அவர் வந்தார். தாடி வளர்ந்திருந்தது. சட்டை தொளதொளவென்று தொங்கியது. இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு மாஸ்க்கை இறக்கினார். "வலிக்குதா?" என்று உதடு கேட்டது.

எனக்கு வந்த கோபத்தை என்னவென்று சொல்வது. என்னைக் கேட்காமல் என் கழுத்தை அறுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டு வலிக்கிறதா என்று ஒரு கேள்வி! என் அண்ணன் அத்தனை சொல்லியும் கேட்கவில்லை. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். கழுத்தில் குழாய் இருந்ததால் கால்வாசிதான் திரும்ப முடிந்தது, அது போதும். பேசவே முடியாத ஒருத்தி, இனி இந்த ஆளோடு பேசுவதில்லை என்று சபதம் எடுத்தேன். இப்போது எழுதும்போது சிரிப்பு வருகிறது. அன்று வரவில்லை.

முதுகில் புண் வராமல் இருக்க இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைப்பார்கள். ஐந்து மணிக்கு நான் எந்தப் பக்கம் இருப்பேன் என்று யோசித்து வைத்துக்கொள்வேன். கண்ணாடிப் பக்கம் வருகிறது என்றால், நாலரைக்கே சுஜாதா என்ற நர்ஸைக் கண்ணால் கூப்பிட்டு, முகத்தைச் சுளித்து, சுவர்ப் பக்கம் திருப்பச் சொல்லுவேன். அவளும் 'அலாகே அம்மா', சரி அம்மா, என்று திருப்பிவிடுவாள். அவள்தான் தினம் என் பின்னலைப் பிரித்துப் போட்டவள். பாவம், இந்தச் சூழ்ச்சிக்கெல்லாம் உடந்தை என்று அவளுக்குத் தெரியாது. சுவரில் ஒரு மின்விசைப் பலகை இருந்தது. ஐந்து நாள், தினம் பத்து நிமிடம், அதை மனப்பாடம் செய்தேன். பின்னால் அவர் இருக்கிறாரா போய்விட்டாரா என்று தெரியாது. இருக்க வேண்டும் என்று நினைத்தேன். திரும்பவும் மாட்டேன்.

நாள் முழுக்க அடைந்து கிடப்பவளுக்குக் கையில் இருந்த ஒரே அதிகாரம் அந்த முகத் திருப்பல்தான். மூச்சு மெஷினுடையது, சாப்பாடு மூக்குக் குழாயுடையது, புரள்வது நர்ஸுடையது. சளி உறிஞ்சும்போது மெல்லிய குழாயைக் கழுத்துத் துளைக்குள் விடுவார்கள்; மீன் தரையில் துள்ளுகிற மாதிரி உடம்பு துள்ளும், இருமலில் கண் பிதுங்கும், ஒரு சத்தமும் வராது. சத்தமில்லாமல் இருமுவது எவ்வளவு பயங்கரம் என்று அனுபவித்தவருக்குத்தான் தெரியும். அத்தனைக்கும் சேர்த்து நான் ஒருவரைத் தண்டித்துக்கொண்டிருந்தேன்.

ஆறாவது நாள் மெஷினைக் கழற்றிப் பார்த்தார்கள். கழுத்துக் குழாயின் வாயில் ஆக்சிஜன் வருகிற ஒரு இணைப்பை மட்டும் மாட்டி, நானாக மூச்சு விடுகிறேனா என்று பார்க்கிற சோதனை. அதற்காகக் கட்டிலை நிமிர்த்தி உட்கார வைத்துவிட்டார்கள். கண்ணாடிக்கு நேர் எதிரே. எவ்வளவு முகம் சுளித்தும் சுஜாதா திருப்பவில்லை. "இப்போ கதலகூடாது அம்மா," என்று அவள் தமிழும் தெலுங்கும் கலந்து சொன்னாள், அசையக் கூடாதாம். ஐந்து மணி ஆனது. அவர் வந்து நின்றார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடினாலும் அதே பலன்தான்.

கொஞ்ச நேரத்தில் மூச்சு உள்ளே போகவில்லை. இழுக்கிறேன், ஏதோ வழியில் நிற்கிறது. மறுபடி இழுக்கிறேன், இன்னும் கெட்டியாக நிற்கிறது. கண்ணைத் திறந்தேன். சுஜாதா பக்கத்துப் படுக்கையில் இன்னொருவரோடு போராடிக்கொண்டிருந்தாள், முதுகு என் பக்கம். என் தலைமாட்டு மானிட்டர் இன்னும் அலற ஆரம்பிக்கவில்லை. ஆரம்பித்தாலும் அங்கே எப்போதும் ஏதோ ஒன்று அலறிக்கொண்டுதான் இருக்கும். கையைத் தூக்கினேன். கட்டு அவிழ்த்து நாளாகியிருந்தது, ஆனால் கை ஒரு சாண் எழும்பி விழுந்தது. கத்த முடியாது. யாரும் என்னைப் பார்க்கவில்லை, அவரைத் தவிர.

தறியில் குறுக்கு நூலைக் கொண்டு ஓடுகிற நாடா நடுப் பாவில் மாட்டிக்கொண்டால் நூலெல்லாம் அறுந்துபோகும். உடனே மோட்டாரை நிறுத்த வேண்டும். தள்ளி நிற்பவரிடம் ஒரே வார்த்தைதான் சொல்வோம். அதைத்தான் என் உதடு தானாகச் சொன்னது.

"சிக்கிச்சி."

அவர் கேட்கவில்லை, யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் கண்ணாடியை அறைந்தார். அந்த அறை என் பாதிக் காதுக்கே கேட்டது. சுஜாதா திரும்பினாள். அவர் தன் தொண்டையைத் தொட்டுத் தொட்டுக் காட்டினார். அவள் ஓடி வந்து, குழாய்க்குள் இருக்கும் இன்னொரு மெல்லிய குழாயை உருவினாள். அதில் புளியங்கொட்டை அளவுக்கு ஒரு காய்ந்த சளிக்கட்டி அடைத்துக்கொண்டிருந்தது. காற்று உள்ளே வந்தது. அதற்குள் காவலாளி அவரைப் பிடித்து வராந்தாவுக்கு இழுத்துக்கொண்டு போய்விட்டார். மாஸ்க் இல்லாமல் நின்றதற்கும் கண்ணாடியைத் தட்டியதற்கும் நல்ல திட்டு.

அன்று என்னைச் சுத்தம் செய்யும்போது சுஜாதா தன் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சொன்னாள். அவளும் இப்போது எனக்காக நிதானமாக, கண்ணாலும் கையாலும் சேர்த்துப் பேசப் பழகியிருந்தாள்.

"மீ ஆயன, உங்க வீட்டுக்காரரு, தினம் வர்றாரு அம்மா. நீங்க அந்தப் பக்கம் திரும்பிப் படுத்திருப்பீங்க. அவரு மாஸ்க் எறக்கிட்டு, உங்க பின்னந்தலைகிட்ட பேசிட்டே இருப்பாரு. பத்து நிமிஷமும். சத்தமே இருக்காது, வாய் மட்டும் அசையும். பாவம், மனசு சரியில்லையோன்னு நாங்க நெனச்சோம்."

ஐந்து நாள். என் ரெட்டைப் பின்னலோடு பேசியிருக்கிறார். கல்யாணமான புதிதில் செய்த மாதிரி சுற்றி வந்து முகத்தைத் தேட முடியாது, நடுவில் கண்ணாடி. நான் அழுதேன். அழுகைக்கும் சத்தம் இல்லை.

அப்புறம் நடந்தது மெதுவாக, ஆனால் நல்லபடியாக நடந்தது. மெஷின் இல்லாமல் ஒரு மணி நேரம், பிறகு அரை நாள், பிறகு முழு நாள். ஐந்து மணிக்கு நானே கண்ணாடிப் பக்கம் திருப்பச் சொன்னேன். என் அண்ணன் பவித்ராவின் ஃபோனில் கூப்பிட்டுத் தன்னைத் திட்டுவதையும், விஜயா அனுப்பிய கஞ்சியை ஆஸ்பத்திரி வாசலில் தானே தின்றுவிடுவதையும் அவர் உதட்டால் சொல்லுவார். நான் பதில் சொல்லுவேன். சுற்றி இருந்தவர்களுக்கு ஒன்றும் விளங்காது. பக்கத்துப் படுக்கைக்காரரின் மனைவி, "நீங்க ரெண்டு பேரும் எப்படிப் பேசிக்கறீங்க?" என்று பொறாமையாகக் கேட்டாளாம்.

ஒரு நாள் டாக்டர் கழுத்துக் குழாயில் ஒரு சின்ன மூடியை மாட்டினார். மூச்சை உள்ளே விடும், வெளியே விடாது. அதனால் வெளிவரும் காற்று குரல் நாண் வழியாகப் போய் வாய்க்கு வரும். "ஏதாவது சொல்லுங்க," என்றார். "அம்மா" என்றேன். தகரத்தை இழுத்த மாதிரி ஒரு சத்தம் வந்தது. அது என் குரல் என்று நம்பவே முடியவில்லை.

டாக்டர் சிரித்தார். அவர் என் காதருகே குனிந்து, தெலுங்கில் நிதானமாகச் சொன்னதைத் தமிழில் தருகிறேன்.

"கையெழுத்துக் கேட்டால் எல்லாரும் பிழைப்பாரா என்று கேட்பார்கள். குரல் திரும்புமா என்பார்கள். உங்கள் வீட்டுக்காரர் ஒரே கேள்விதான் கேட்டார். 'குரல் இல்லாட்டி போகுது சார், உதடு அசையுமா?' அசையும் என்றேன். உடனே பேனாவைக் கேட்டார். எனக்கு அன்று அது புரியவில்லை."

எனக்குப் புரிந்தது. மற்ற எல்லாருக்கும் அந்தத் துளை என் பேச்சை எடுத்துக்கொள்ளும் விஷயம். அவருக்கு மட்டும் அது என் வாயை விடுவிக்கும் விஷயம்.

கழுத்துக் குழாயை எடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். ஒரு மாதத்துக்குள் துளை தானாக மூடிக்கொண்டது. ஒரு மத்தியானம் கேட்டேன்.

"அந்த அஞ்சு நாளு என் பின்னாடி நின்னுக்கினு இன்னா மாமா சொன்ன?"

"அது இன்னாத்துக்கு இப்போ?" என்று எழுந்து கொட்டகைக்குப் போய்விட்டார். அவருக்கு இது மாதிரி விஷயங்கள் சத்தத்தோடு சொல்ல வராது. எனக்குத் தெரியும். நான் பின்னாலேயே போய், மோட்டார் சுவிட்சை ஒவ்வொன்றாகப் போட்டேன். நான்கு தறியும் ஓட ஆரம்பித்தன. எதிரே போய் நின்று அவர் வாயைப் பார்த்தேன்.

அவர் தறிச் சட்டத்தின்மேல் கையை ஊன்றினார். பிறகு நிமிர்ந்தார்.

"பொழைப்பியா மாட்டியான்னு டாக்டருக்கே தெரியல. எப்பிடி இருந்தாலும், எங்கிட்ட ஒரு வார்த்த சொல்லிட்டுப் போவட்டும்னுதான் கையெழுத்து போட்டேன். அத்தத்தான் அஞ்சு நாளும் சொன்னேன். திரும்பு கோமு, ஒரு வார்த்த சொல்லுன்னு."

அந்த ஐந்து நாளில் ஏதாவது ஒரு நாள் நான் போயிருந்தால், அவர் கையெழுத்துப் போட்டு வாங்கித் தந்த வாயை அவருக்கே காட்டாமல் போயிருப்பேன். தறிகள் ஓடிக்கொண்டிருந்தன. நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். அது எங்களுக்குள்.

இப்போதும் எங்கள் வீட்டில் சண்டை வரும், வராமல் இருக்குமா? என் குரல் இன்னும் கரகரவென்றுதான் வருகிறது. ஆனாலும் எதிரே நின்று கத்துகிறேன்.